எந்தப் பந்தியில் யார் உட்கார்ந்தார்கள்?

நேயர்களுக்கு வணக்கமுங்க. கிறிஸ்தவ மதத்தின் வரலாறு, போதனை இரண்டையும் விமர்சனமாகப் பார்த்துப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்தார் கேட்டார்கள். இரண்டாயிரம் வருடத்துச் சங்கதியைக் கால் மணி நேரத்தில் சொல்லி முடிக்க என்னால் ஆகாது. அதனால் ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்கிறேன். யாரோடு யார் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்? இதைக் கேட்டுக்கொண்டே போனால் பாதி வரலாறு தானாக வெளியே வந்துவிடும்.

நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனால் படித்தது மிஷன் பள்ளிக்கூடத்தில். பிறகு பல வருடம் வரலாற்று வாத்தியாராக இருந்தேன். பைபிள் வகுப்பில் மனப்பாடமான வசனங்கள் இன்னும் நாக்கில் நிற்கின்றன. என்னைப் போல மிஷன் பள்ளியில் படித்தவர்கள் ஈரோட்டுப் பக்கம், கோயமுத்தூர்ப் பக்கம், தாராபுரம் பக்கம் ஏராளம். மணியடித்தால் ஜெபம், வீட்டுக்குப் போனால் திருநீறு. இரண்டும் நமக்கு இடிக்கவில்லை.

சாப்பாட்டை ஏன் பிடித்தேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊர்க் கல்யாணத்தில் ஒரம்பரை வந்து இறங்கினால் முதல் பந்தியில் யார், இரண்டாம் பந்தியில் யார் என்பதில் எத்தனை மனத்தாங்கல்! டீக்கடையில் ரெட்டை டம்ளர் இருந்ததைப் பார்த்தவர்கள் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். ஒருவரை மனிதராக மதிக்கிறோமா என்பதை நம் பக்கத்தில் இலை போடுகிற இடம் காட்டிவிடும்.

சரி, கதைக்கு வருகிறேன். இது எனக்கு ரொம்பப் பிடித்த கதை, கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். இடம் அந்தியோகியா, இன்றைக்குத் துருக்கி நாட்டில் இருக்கிற ஊர். காலம் முதல் நூற்றாண்டின் நடுப்பகுதி. இயேசுவின் முதன்மைச் சீடர் பேதுரு அங்கே வருகிறார். அந்தச் சபையில் யூதர்களும் இருக்கிறார்கள், யூதரல்லாதவர்களும் இருக்கிறார்கள். யூதர்களுக்கு உணவில் கட்டுப்பாடு உண்டு. பிற இனத்தாரோடு சேர்ந்து உண்பதில் பலருக்குத் தயக்கம். பேதுரு அதையெல்லாம் பார்க்காமல் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிறார். நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது.

அப்புறம் எருசலேமிலிருந்து சில பேர் வருகிறார்கள். அங்கே சபைத் தலைவராக இருந்த யாக்கோபுவிடமிருந்து வந்தவர்கள், அதாவது தலைமை இடத்து ஆட்கள். அவர்கள் வந்ததும் பேதுரு மெல்லப் பந்தியை விட்டு எழுந்துகொள்கிறார். தனியாகச் சாப்பிட ஆரம்பிக்கிறார். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் விலகுகிறார்கள். யூதரல்லாதவர்களிடம் இந்த மதத்தைக் கொண்டுபோனவர் பவுல். அவருடைய கூட்டாளி பர்னபா இருக்கிறாரே, அவரும் போய்விடுகிறார். பேதுரு கெட்ட மனிதர் என்று நினைக்காதீர்கள். பெரியவர்கள் பார்க்கிறார்களே என்ற பயம். இந்தப் பயம் நமக்குத் தெரியாததா? டவுனில் நண்பனோடு ஒரே தட்டில் சாப்பிட்டுவிட்டு, அதே நண்பன் ஊருக்கு வந்தால் திண்ணையோடு பேசி அனுப்பிவிடுகிற ஆட்கள் நம்மில் இல்லையா?

பவுல் சும்மா இருக்கவில்லை. எல்லார் முன்னாலும் பேதுருவை நேருக்கு நேர் கண்டிக்கிறார். கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் இதை அவரே சொல்கிறார். இதில் ஒன்று கவனியுங்கள். நான்கு சுவிசேஷங்களும் எழுதப்படுவதற்கு முன்னாலேயே எழுதப்பட்ட கடிதம் இது என்பதுதான் ஆராய்ச்சியாளர்களின் பொதுவான முடிவு. அப்படியானால் கிறிஸ்தவர்கள் எழுதிவைத்து நமக்குக் கிடைத்த மிகப் பழைய சண்டைகளில் ஒன்று பந்திச் சண்டை. அதே கடிதத்தில்தான் அந்தப் பெரிய வாக்கியமும் வருகிறது: யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை, ஆணென்றும் பெண்ணென்றுமில்லை.

போதனை என்று பார்த்தால் இதற்கு மேல் ஒருவர் என்ன சொல்ல முடியும்? என் விமர்சனம் இதற்குப் பிறகு நடந்ததைப் பற்றியது. இதைச் சொன்ன மதம், ஒவ்வொரு முறையும் இதைத் தள்ளிப்போட்டது. முதலில் ஆள் சேரட்டும், மற்றது அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றது. அப்புறம் என்பது நூறு வருடம், இருநூறு வருடம் ஆகி, கடைசியில் அதற்கே பாரம்பரியம் என்று பெயர் வந்துவிட்டது.

பவுலிடமே இது தொடங்குகிறது. ஒநேசிமு என்ற அடிமையை அவனுடைய எஜமான் பிலேமோனிடம் ஒரு கடிதம் கொடுத்துத் திருப்பி அனுப்புகிறார். சகோதரனாக ஏற்றுக்கொள் என்று உருக்கமாக எழுதுகிறார், ஆனால் விடுதலை செய் என்று நேராகச் சொல்லவில்லை. பந்திக்காகப் பேதுருவிடம் முகத்துக்கு நேராகச் சண்டை போட்டவர், அடிமைத்தனத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டார். விளைவு என்ன? 1710-இல் இறந்த கோட்ரிங்டன் என்ற தோட்ட முதலாளி, பார்படோஸ் தீவில் இருந்த தன் கரும்புத் தோட்டங்களை, அடிமைகளோடு சேர்த்து, எஸ்.பி.ஜி. என்ற இங்கிலாந்துத் திருச்சபை மிஷன் சங்கத்துக்கு உயில் எழுதிவைத்திருந்தார். ஆமாம், நம் தஞ்சாவூர், திருநெல்வேலிப் பக்கமெல்லாம் பள்ளிக்கூடமும் கோவிலும் கட்டிய அதே எஸ்.பி.ஜி. அந்தத் தோட்டத்து அடிமைகளின் நெஞ்சில் சங்கத்தின் பெயரைக் காய்ச்சிய இரும்பால் சூடு போட்டார்கள். 1834-இல் சட்டம் நடைமுறைக்கு வந்துதான் விடுதலை. அப்போதும் நஷ்டஈடு சங்கத்துக்குத்தான் கிடைத்தது, அடிமைகளுக்குக் கிடைக்கவில்லை. இங்கிலாந்துத் திருச்சபை 2006-இல் இதற்காக மன்னிப்புக் கேட்டது.

ரோமாபுரிக் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 313-இல் கான்ஸ்டன்டைன் பேரரசன் காலத்தில் கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டு உரிமை கிடைத்தது. 380-இல் அது பேரரசின் மதமாகவே ஆனது. 385-இல் பிரிசில்லியன் என்ற ஆயர், அதாவது பிஷப், கிறிஸ்தவப் பேரரசன் ஒருவனின் உத்தரவில் கொல்லப்பட்டார். அந்தக் காலத்து ஆயர்கள் சிலர் இதைக் கண்டித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். துன்பப்பட்ட கூட்டம் துன்பம் கொடுக்கிற இடத்துக்கு வர ஒரு மனிதரின் ஆயுள்காலமே போதுமானதாக இருந்தது.

இனி நம் பக்கம். இத்தாலியிலிருந்து வந்த ராபர்ட் டி நொபிலி 1606-இல் மதுரைக்கு வருகிறார். இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவியர் அமைப்பின் குரு. அங்கே ஏற்கெனவே பெர்னாண்டஸ் என்ற குரு பரதவ மக்களோடு பழகிக்கொண்டு இருந்தார். அவரோடு இருந்தால் மேல்சாதியார் யாரும் பக்கத்தில் வரமாட்டார்கள் என்று நொபிலி தனி வீடு பார்த்துக்கொண்டார். காவி, மரக்கறி உணவு, பிராமணச் சமையல்காரர். தமிழும் சமஸ்கிருதமும் கற்றார். அவருடைய படிப்பை நான் மதிக்கிறேன். தமிழ் உரைநடைக்கு அவர் செய்தது சின்ன வேலை இல்லை. ஆனால் பாருங்கள், தன் சொந்தச் சபையைச் சேர்ந்த சக குருவோடு உட்கார்ந்து அவர் சாப்பிடுவதில்லை. அந்தியோகியாவில் பேதுரு பயத்தில் எழுந்துபோனார். இவர் யோசித்து, திட்டம் போட்டு எழுந்துபோனார். மதம் மாறியவர்கள் பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் வைத்துக்கொள்ளலாம் என்று 1623-இல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரி அனுமதி கொடுத்தார். அந்த வருடம்தான் நொபிலி மதுரையை விட்டுச் சேந்தமங்கலம், சேலம் என்று நம் கொங்குச் சீமைக்குள் வருகிறார்.

பிறகு ஒடுக்கப்பட்ட சாதியினரும் ஞானஸ்நானம் கேட்டு வந்தார்கள். அவர்களுக்கு என்ன வழி? தனிக் குருமார். 1640-இல் தொடங்கி பண்டாரசாமிகள் என்று ஒரு வகைக் குருக்கள் உண்டானார்கள். பிராமண சந்நியாசி வேடத்தில் ஒருவர், பண்டார வேடத்தில் ஒருவர். ஒரே சபை, ஒரே தெய்வம், குருக்கள் மட்டும் இரண்டு வகை. ரெட்டை டம்ளர்தான், வேறென்ன?

1703-இல் துர்னோன் என்ற ரோமைத் தூதர் புதுச்சேரிக்கு வந்தார். தாழ்த்தப்பட்டவர் வீட்டுக்குள் போய் நோயாளிக்குத் திருவருட்சாதனம் என்ற திருச்சடங்கைக் கொடுக்கக் குருக்கள் மறுக்கக் கூடாது என்று 1704-இல் உத்தரவிட்டார். நாற்பது வருடம் இழுபறி. 1744-இல் போப்பாண்டவர் பதினான்காம் ஆசீர்வாதப்பர் தீர்ப்பு எழுதினார். துர்னோன் சொன்னது சரி என்றார். கூடவே, தாழ்த்தப்பட்டவர்களுக்கென்று தனிக் குருக்களை வைத்துக்கொள்ளும் யோசனையையும் ஏற்றுக்கொண்டார்! இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்தே வந்தது. தீண்டாமை தப்பு என்று தீர்ப்பு எழுதிவிட்டு, தீண்டாமல் இருப்பதற்கு ஏற்பாடும் செய்து கொடுத்தார்.

அவிநாசி ரோட்டில் போகிறவர்கள் எல்லாரும் கருமத்தம்பட்டியைத் தாண்டித்தான் போகிறோம். ஜெபமாலை மாதா கோவில் தேர் என்றால் சுற்றுவட்டாரமே கூடும். அங்கேதான் 1846-இல் பிரெசிலாக் என்ற பிரெஞ்சுக்காரர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். பிற்காலத்துக் கோவை மறைமாவட்டத்துக்கு வேர் அது. உள்ளூர் இளைஞர்களையே குருக்களாகவும் ஆயர்களாகவும் ஆக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். சாதி வழக்கங்களை எதுவரைக்கும் விடலாம் என்பதில் அவருக்கு மன நிம்மதி இல்லை. ரோமைக்கு எழுதி எழுதிக் கேட்டார். தெளிவான பதில் கிடைக்கவில்லை, கூட இருந்த குருக்களோடும் ஒத்துப்போகவில்லை. 1855-இல் பதவியை விட்டு விலகினார். மறு வருடம் லியோன் நகரில் ஆப்பிரிக்க மிஷன் சபையைத் தொடங்கி, 1859-இல் ஆப்பிரிக்காவில் பிரீடவுனில் கால் வைத்த சில வாரங்களில் மஞ்சள் காய்ச்சலில் இறந்துபோனார். தள்ளிப்போட மனம் வராமல் கிளம்பிப்போன ஒருவர் நம் மண்ணில் இருந்தார். கருமத்தம்பட்டித் தேருக்குப் போகிறவர்கள் அவர் பெயரையும் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

புராட்டஸ்டண்ட் பக்கம் மேலா என்றால், கொஞ்சம் மேல். 1833-இல் ஆயர் டேனியல் வில்சன், சாதியை உடனடியாக, அடியோடு விட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். எதிர்த்தவர் யார் தெரியுமா? தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். எத்தனையோ கிறிஸ்தவக் கீர்த்தனைகளைப் பாடிய மகாகவி. பாட்டு பாட்டாக இருந்தது, சாதி சாதியாக இருந்தது.

திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் இருக்கிற கத்தோலிக்கக் கோவிலைச் சொல்லாமல் விட முடியாது. 1872-இல் கட்டியது. கால்சட்டையின் இரண்டு கால் மாதிரி இரண்டு கூடம், சேருகிற இடத்தில் பீடம். ஒரு காலில் ஒரு சாதி, மறு காலில் மற்ற சாதிகள். பூசை ஒன்று, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. 1910-இல் குருக்களே தடுப்பை இடித்தார்கள். எங்கள் உரிமை போச்சு என்று வழக்குப் போட்டவர்கள் சென்னை உயர் நீதிமன்றம்வரை போய்த் தோற்றார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாகிறது என்று நிலையத்தார் கையைக் காட்டுகிறார்கள். பெண்கள் பற்றித் தனியாகப் பேச வேண்டும் என்று குறித்து வைத்திருந்தேன், நரகம் பற்றிய போதனையும் இருந்தது. நரகம் இன்னொரு நாளைக்கு இருக்கட்டும். பெண்கள் விஷயம் மட்டும் இரண்டு வாக்கியம். புராட்டஸ்டண்ட் பக்கத்துத் தென்னிந்தியத் திருச்சபையில், அதாவது சி.எஸ்.ஐ.யில், பெண்கள் குருக்களாக இருக்கிறார்கள், கத்தோலிக்கத் திருச்சபையில் இன்றுவரை இல்லை. ஆணென்றும் பெண்ணென்றுமில்லை என்ற வரி இரண்டு சபையின் பைபிளிலும் இருக்கிறது.

இன்னொன்று. 1950-ஆம் வருடத்துக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதிச் சலுகை இந்துக்களுக்கு மட்டும் என்று இருந்தது. சீக்கியர்களை 1956-இலும் பௌத்தர்களை 1990-இலும் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியே நிற்கிறார்கள். கிறிஸ்தவத்தில் சாதி கிடையாதே என்று அரசாங்கம் சொல்கிறது. கல்லறைத் தோட்டத்தில் தனி வரிசை காட்டுகிற ஊர்ச் சபைகளில் போய் அதைச் சொல்லச் சொல்லுங்கள். நேரம் முடிந்துவிட்டதுங்க. வணக்கம்.