கேப்டனிடம் மறுபடி கேட்காத கேள்வி

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கீழ்ப்படிதலைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். எதிர்த்துப் பேசாத பிள்ளைதான் நல்ல பிள்ளை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வேலைக்குப் போன இடத்திலும் "ஐயா சொல்லிட்டார், அப்புறம் என்ன பேச்சு" என்பதோடு பல விஷயங்கள் முடிந்துவிடுகின்றன. அந்த மௌனத்தால் என்ன ஆகும் என்பதை விமானத் துறை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் கண்ணெதிரே கண்டது.

1977 மார்ச் 27. ஸ்பெயினின் கேனரி தீவுகள். லாஸ் பால்மாஸ் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், அங்கே இறங்க வேண்டிய விமானங்களைப் பக்கத்திலுள்ள டெனெரிஃப் தீவுக்குத் திருப்பிவிட்டார்கள். அது சின்ன நிலையம், ஓடுபாதை ஒன்றுதான். நிறுத்தி வைத்த விமானங்கள் பக்கவாட்டுப் பாதையை அடைத்துக்கொண்டன. அதனால் புறப்படும் விமானம் ஓடுபாதையிலேயே கடைசி வரை ஊர்ந்து போய், திரும்பி நின்று, பிறகுதான் வேகமெடுக்க வேண்டும். டச்சு விமான நிறுவனமான கே.எல்.எம்.மின் 747 ரகப் பெரிய விமானம் அப்படித் திரும்பி நின்றது. அதற்கு எதிரே, அதே ஓடுபாதையில், பான் அமெரிக்கன் நிறுவனத்தின் 747 ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. மூடுபனியில் ஒன்றுக்கொன்று தெரியவில்லை. கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு இரண்டுமே தெரியவில்லை.

கே.எல்.எம். விமானத்தின் கேப்டன் பெயர் வான் ஸாந்தன். 747 விமானிகளுக்குப் பயிற்சி தருவதில் அந்த நிறுவனத்தின் தலைமை ஆள். நிறுவனத்தின் விளம்பரத்தில் அவர் படம்தான் வரும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த துணை விமானியைச் சோதித்து, 747 ஓட்டத் தகுதி உண்டு என்று முடிவு சொன்னவரும் அவரே. அதுவும் சுமார் இரண்டு மாதம் முன்புதான். அந்த இளையவரின் இடத்தில் நம்மை வைத்துப் பாருங்கள்.

கேப்டன் புறப்பட விசையைக் கூட்டினார். துணை விமானி தடுத்தார்: இன்னும் அனுமதி வரவில்லை. "தெரியும், கேள்" என்றார் கேப்டன். கேட்டார். மேலே ஏறிய பின் எந்த வழியில் போக வேண்டும் என்பதைக் கோபுரம் சொன்னது. புறப்படலாம் என்று சொல்லவில்லை. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லி முடிப்பதற்குள் விமானம் ஓடத் தொடங்கிவிட்டது. சற்று முன்பு தடுத்தவர் இந்த முறை தடுக்கவில்லை. பெரியவரை ஒரே நிமிடத்தில் எத்தனை முறைதான் திருத்துவது?

பொறுத்திருங்கள் என்று கோபுரம் சொன்னதும், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பான் அமெரிக்கன் சொன்னதும் ஒரே நேரத்தில் மோதி, கே.எல்.எம். விமானி அறையில் கீச்சென்ற சத்தமாகக் கேட்டன. ஆனால் பின்னால் இருந்த விமானப் பொறியாளருக்கு அடுத்து வந்த பேச்சு தெளிவாகக் காதில் விழுந்தது. ஓடுபாதையை விட்டு விலகியதும் சொல்கிறோம் என்று பான் அமெரிக்கன் சொன்னது. "அப்படியென்றால் அது இன்னும் விலகவில்லையா?" என்று கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்தமாகச் சொன்னார். பொறியாளர் மறுபடி கேட்கவில்லை. அடுத்த சில நொடிகளில் இரண்டு விமானங்களும் மோதின. இறந்தவர்கள் 583 பேர்.

பனி, வானொலிக் குறுக்கீடு, தெளிவில்லாத சொற்கள் என்று காரணங்கள் பல. கேப்டன் தலையில் மட்டும் பழியைப் போடுவது நியாயமில்லை. ஆனாலும் என் மனம் அந்தப் பொறியாளரிடமே போய் நிற்கிறது. ஆபத்தைச் சரியாகக் கணித்தவர் அவர். அந்த அறையில் இருந்த மூவரில் ஒருவருக்கு உண்மை பிடிபட்டிருந்தது. அதைக் கேள்வியாகக் கேட்டார், பதில் மேலிடத்திலிருந்து வந்தது, அடங்கிவிட்டார்.

இதைக் கேட்டு, கேப்டனுக்கு ஏன் அதிகாரம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நொடிகளில் முடிவெடுக்கும் இடத்தில் ஒருவர் சொல்லை மற்றவர்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் அந்தக் கேப்டனும் கோபுரத்தின் அனுமதிக்குக் கட்டுப்பட்டவர். விதி அவருக்கும் மேலே இருந்தது. அனுமதி வரவில்லை என்று முதலில் சொன்ன துணை விமானி அந்த விதிக்குத்தான் கீழ்ப்படிந்தார். அதை மீறல் என்று நினைக்கிற மனம்தான் நம்மிடம் மாற வேண்டும். வீட்டில் அப்பாவிடம் "இந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒருமுறை படித்துப் பாருங்கள்" என்று சொல்லும் மகளும் மரியாதை குறைந்தவள் இல்லை.

விமானத் துறை பாடம் கற்றது. 1979இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா இதற்காக ஒரு பயிலரங்கு நடத்தியது. 1981இல் அமெரிக்காவின் யுனைடெட் விமான நிறுவனம் விமானிகளுக்குப் புதுப் பயிற்சியைத் தொடங்கியது. தவறு கண்டால் சின்னவர் சொல்லியாக வேண்டும், பெரியவர் காது கொடுத்தாக வேண்டும். இரண்டு முறை சொல்லியும் பதில் வராவிட்டால் விமானத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்ளவும் பல இடங்களில் கற்றுத்தருகிறார்கள்.

1989இல் அதே யுனைடெட்டின் விமானம் ஒன்று நடுவானில் திருப்பும் கட்டுப்பாடு முழுவதையும் இழந்தது. கேப்டன் அல் ஹேன்ஸ், பயணியாக வந்திருந்த ஒரு பயிற்சி விமானியையும் விமானி அறைக்குள் அழைத்து என்ஜின் விசையை அவர் கையில் கொடுத்தார். நால்வரும் கலந்து பேசியே தரைக்குக் கொண்டுவந்தார்கள். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். கேப்டன் சொன்னதே முடிவு என்றிருந்த காலத்தில் சில விமானங்களை இழந்தோம் என்று ஹேன்ஸ் பின்னர் வெளிப்படையாகவே பேசினார். அதைச் சொன்னவர் ஒரு கேப்டன் என்பதால்தான் எனக்கு அவர்மேல் இத்தனை மரியாதை. நன்றி, வணக்கம்.