கூரையில் சோலார் போடலாமா? முதலில் கீசரைப் பாருங்கள்!

வணக்கம், தென்னாப்பிரிக்காவின் டர்பன் மக்களே! கூரை நிறைய சோலார் பேனல், நல்ல உச்சி வெயில், ஆனால் தெருவில் கரண்ட் போன நொடியே உங்கள் வீட்டிலும் போய்விடுகிறது. ஏன் தெரியுமா? பேட்டரி இல்லாத கிரிட்-டை இன்வெர்ட்டர், அதாவது பேனல் கரண்டைத் தெரு லைனோடு இணைக்கும் கருவி, லைன் செத்ததும் தானாக நின்றுவிடும், இல்லையென்றால் கம்பத்தில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கும். விற்பவர் இதைச் சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

2023-ல் ஸ்டேஜ் 6 என்ற கடுமையான லோட் ஷெட்டிங்கில், அதாவது முறைவைத்த மின்வெட்டில் தவித்தோம், பேனல் விலையில் 25 சதவீதம், அதிகபட்சம் 15,000 ரேண்ட் வரிச்சலுகை கிடைத்தது, 2024 பிப்ரவரியோடு அதுவும் முடிந்தது. சரி, இப்போது பில்லுக்கு வருவோம். நாட்டின் மின் நிறுவனமான எஸ்காமின் கட்டணம் 2023-ல் 18.65 சதவீதம், 2024-ல் 12.74 சதவீதம் என்று ஏறியிருக்கிறது.

அந்தப் பில்லில் பெரிய பங்கு கீசருக்குத்தான்! கணக்குப் போடுவோம், எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு இது. 150 லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக சுமார் 7 யூனிட் வேண்டும். டர்பனில் 1 கிலோவாட் பேனல் வருடச் சராசரியில் நாளுக்கு 4 யூனிட் போலத் தரும். அப்படியென்றால் 2 கிலோவாட் பேனல் ஒரு கீசருக்கே சரியாகப் போய்விடும். ஆனால் நம் வீடுகளில் கீசர் ஓடுவது விடியற்காலையும் ராத்திரியும், வெயிலே இல்லாத நேரம்! அதனால் ஒரு டைமர் வைத்து காலை பத்து மணிக்கு மேல் ஓட விடுங்கள், கீசருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் 3 கிலோவாட் எலிமென்ட்டைக் கழற்றி 2 கிலோவாட் போடச் சொல்லுங்கள், மெதுவாகச் சூடானாலும் பேனல் கரண்டிலேயே பெரும்பகுதி சூடாகிவிடும். சூடான தண்ணீர்த் தொட்டியே ஒரு பேட்டரி மாதிரிதான், அதுவும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற பேட்டரி! நம் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் பகலெல்லாம் பாட்டி தாத்தா இருக்கும் வீடுகளுக்குச் சோலார் லாபம் என்று நான் அடித்துச் சொல்வேன், துணி துவைப்பது, சமையல் எல்லாம் பகலிலேயே நடக்கிறதே. எல்லோரும் வேலைக்குப் போய்விடும் வீட்டுக்குப் பேட்டரி இல்லாமல் அவ்வளவு பயன் இல்லை, பேட்டரியோ விலை அதிகம்.

அப்புறம் ஒன்று, தமிழ்நாட்டு வீடியோ பார்த்துப் பேனலைத் தெற்கே திருப்பிவிடாதீர்கள்! பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கும் நமக்கு வடக்கு. ஜூன் மாத நண்பகலில் டர்பன் சூரியன் வடக்கே 37 டிகிரி உயரம்தான் ஏறும், வடக்கே நிற்கும் மாமரத்தின் நிழல் நீளமாக விழும். ஒரு குளிர்கால மத்தியானம் கூரையைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

உங்கள் கீசர் தினமும் எத்தனை மணி நேரம் ஓடுகிறது? ஒரு வாரம் குறித்து வைத்து கமெண்டில் போடுங்கள், எல்லாவற்றையும் படிப்பேன்.