டின் பாலும் பிரமிட் நரம்பணுவும்

பெருமதிப்பிற்குரிய ஆலயத் தலைவர் அவர்களே, வேலைப் பளுவுக்கு நடுவிலும் வந்து அமர்ந்திருக்கும் டத்தோ அவர்களே, டத்தோவை அழைத்து வந்த செயலாளர் அவர்களே, மாதர் பிரிவுத் தலைவி அம்மா அவர்களே, மாலைக்கும் தேநீருக்கும் பொறுப்பேற்ற பொருளாளர் ஐயா அவர்களே, பின்னால் தூணில் சாய்ந்திருக்கும் அண்ணன்மார்களே, வணக்கம். பொன்னாடை போர்த்தி முடிக்கவே இருபது நிமிடம் ஆகிவிட்டது. டத்தோவுக்கு எட்டரைக்கு பட்டர்வொர்த்தில் இன்னொரு நிகழ்ச்சி, அதற்குள் பாலம் தாண்ட வேண்டும். சுருக்கமாகவே பேசுகிறேன். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு.

மூளையில் இருக்கும் பிரமிட் நரம்பணுக்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் டாக்டர் இல்லை, முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் டிரசராக, டாக்டருக்கு உதவியாளாக இருந்தவன். மூன்று விஷயம் சொல்கிறேன். அது எப்படி இருக்கிறது, என்ன வேலை செய்கிறது, நம் ஞாபகத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்.

முதலில் உருவம். 1873இல் இத்தாலியில் கமிலோ கோல்ஜி, வெள்ளி உப்பைக் கொண்டு நரம்பணுவுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றினார். ஸ்பெயினில் ரமோன் இ காஹால் அதே சாயத்தை வைத்து நரம்பணுக்களை ஒவ்வொன்றாக வரைந்து தள்ளினார். 1906இல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு. எல்லாம் ஒரே வலை என்றார் கோல்ஜி; இல்லை, ஒவ்வொன்றும் தனித்தனி என்றார் காஹால். பரிசு வாங்கப் போன இடத்திலும் ஒருவர் சொன்னதை மற்றவர் ஒத்துக்கொள்ளவில்லை. நம் சங்கங்களில் பார்க்காததா! வென்றது காஹால் கட்சி.

பினாங்கு என்றாலே பாக்குதான். ஆகவே ஒரு பாக்கு மரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் கூம்பு மாதிரி ஓர் உடல், அதனால்தான் பிரமிட் என்று பெயர். கூம்பின் உச்சியிலிருந்து நெட்டையாக ஒரு தண்டு மூளையின் மேற்பரப்பை நோக்கிப் போகும். முடிவில் ஓலைக் கொத்து போலப் பிரியும். கீழே சுற்றிலும் வேர் மாதிரி குட்டைக் கிளைகள். இந்தக் கிளைகளின் மேல் பொடிப்பொடியாக முட்கள், ஆயிரக்கணக்கில். ஒவ்வொரு முள்ளும் பக்கத்து அணுவிடமிருந்து சேதி வாங்கும் வாசல். வந்த சேதிகளைக் கூட்டிப் பார்த்து, போதும் என்றால் அணு ஒரு மின் துடிப்பை அனுப்பும். அனுப்புவது அடியிலிருந்து இறங்கும் ஒற்றை நீள இழை, ஆக்ஸான். பெருமூளையின் மேலடுக்கான புறணியில் இருக்கும் நரம்பணுக்களில் முக்கால் பங்கு இந்த ஜாதிதான்.

அப்புறம் வேலை. கீவ் நகரத்து பெட்ஸ் 1874இல் இவற்றிலேயே ராட்சச அணுக்களைக் கண்டார். உடலை அசைக்கும் பகுதியில் இருப்பவை அவை. அங்கிருந்து கிளம்பும் சில இழைகள் இடுப்பு வரை இறங்கும். கண்ணுக்குத் தெரியாத ஓர் அணுவுக்கு அரை மீட்டருக்கு மேல் நீள வால்! பத்துமலையில் 272 படி, நம் தண்ணீர்மலையில் 513. ஒவ்வொரு படிக்கும் "காலைத் தூக்கு" என்ற உத்தரவு இந்த வழியாகத்தான் இறங்குகிறது. வழியில், மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில், பெரும்பாலான இழைகள் பக்கம் மாறிவிடும். இடப்பக்க மூளை வலக்கையை ஆளுகிறது.

இங்கே எங்கள் சித்தப்பா கதையைச் சொல்லியாக வேண்டும். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். காலை ஏழு மணிக்கு மாமாக் கடையில் தே தாரேக் பால் தேநீர், ரொட்டி சானாய், ரொட்டிக்கு மேலேயும் சீனி. கடைக்காரர் இவர் தலையைக் கண்டதுமே கேட்காமல் டின் பாலைக் கவிழ்ப்பார். அன்றைக்குக் கிளாஸைத் தூக்கினார், பாதி வழியில் கை நின்றுவிட்டது. கிளாஸ் விழுந்து உடைந்தது. பக்கத்து மேசைக்காரர், "என்னண்ணே, ராத்திரி போட்டது இன்னும் இறங்கலையா?" என்று சிரித்தார். சித்தப்பா பதில் சொல்ல வாயைத் திறந்தார். வாய் ஒரு பக்கம் கோணியது, பேச்சு வரவில்லை.

வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். சித்தி முதலில் திட்டினார், அப்புறம் அழுதார். எதிர்வீட்டு ஆத்தா "காத்து பட்டிருக்கு" என்று வேப்பிலையோடு வந்தார். ஒருவர் வெறும் மயக்கம்தான் என்று சீனித் தண்ணி கலக்கினார். சீனித் தண்ணி! இன்னொருவர், கம்போங்கில் நன்றாக உருவிவிடும் மலாய்ப் பெரியவர் (பாக்சிக்) ஒருவர் இருக்கிறார் என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார். பாக்சிக் வந்தார், முகத்தைப் பார்த்தார், "இது என் கைவேலை இல்லை, ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்" என்றார். அந்தக் கூட்டத்தில் சரியாகச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். அப்போது மணி மதியம் ஒன்று.

வலக்கை திரும்பவே இல்லை. தண்ணி வேண்டும் என்று கேட்கத் தெரியாது. ஆனால் வெள்ளிக்கிழமை விளக்கேற்றினால் திருப்புகழை முழுசாகப் பாடுவார். சித்தி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.

அது பக்கவாதம். உள்ளே நடந்தது இதுதான். பிரமிட் நரம்பணு அடுத்த அணுவோடு பேசும் பாஷை குளுட்டமேட் என்ற ரசாயனம். அளவோடு இருந்தால் அதுதான் நம் அசைவு, சிந்தனை எல்லாம். ரத்தக் குழாய் அடைத்தால் அது கட்டுமீறிக் கொட்டி, பக்கத்து அணுக்களையே கொல்கிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு, மூளைக்குள்ளேயும்! (அஜினோமோட்டோவிலும் குளுட்டமேட் உண்டு. ஆனால் சாப்பிடுவது நேரே மூளைக்குள் போய்விடாது, பயப்படாதீர்கள்.) பெரிய குழாய் அடைத்தால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் போகின்றன. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி இன்று இருக்கிறது, வாதம் தாக்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். வேப்பிலைக்கு அதில் நேரமில்லை.

இப்படிக் குழாய் அடைக்க ரத்த அழுத்தமும் இனிப்பு நீரும் (நீரிழிவு) வழி செய்கின்றன. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இனிப்பு நீர். இனவாரியாகப் பார்த்தால் முதலிடம் இந்தியர்களாகிய நமக்கு. வேறு எதில் முதலிடம் வந்தோம், டத்தோ அவர்களே? நான் மூன்று வருடமாகக் கேட்பது இரண்டே இரண்டு. செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று வேண்டும். மண்டபத் தேநீரில் சீனியைத் தனியே வைக்க வேண்டும், வேண்டியவர் போட்டுக்கொள்ளட்டும். கோபுரத்துக்கு வண்ணம் அடிக்கும் செலவில் இது தூசு. கூட்டக் குறிப்பில் "பரிசீலிக்கப்படும்" என்று மூன்று முறை எழுதியாகிவிட்டது.

மூன்றாவதாக ஞாபகம் என்றேன். டத்தோ கடிகாரத்தைப் பார்க்கிறார், அது அடுத்த கூட்டத்துக்கு.

வரும்போது அடுக்களையை எட்டிப் பார்த்தேன். பெரிய வாளி, பக்கத்தில் உடைத்த டின்கள் பன்னிரண்டு. பொருளாளர் ஐயா, எனக்கு மட்டும் பாலும் சீனியும் இல்லாமல் ஒரு தே ஓ கொசோங்.