பளபளக்கும் கத்தியை விட்டுவிடுங்கள்: மதுரையில் பழைய பேனாக்கத்தி தேடுவது எப்படி?

[திரையில்: பழைய துணி மேல் இரண்டு மடக்குக் கத்திகள். ஒன்று மினுக்கியது, ஒன்று கருத்தது.]

வணக்கம். இந்த இரண்டு கத்தியும் ஒரே அளவு. இரண்டுக்கும் எலும்புப் பிடி. இடது பக்கம் இருப்பதை நன்றாகத் தேய்த்து மினுக்கி வைத்திருக்கிறார்கள். வலது பக்கம் இருப்பது கருத்து, அழுக்கேறி, திறக்கவே முரண்டு பிடிக்கிறது. சந்தையில் மினுக்கிய கத்திக்குத்தான் கூட விலை சொல்வார்கள். நான் எடுப்பது கருத்த கத்தியை.

[நெருக்கத்தில்: அலகு பிடிக்குள் நுழையும் இடம்.]

காரணம் இங்கே இருக்கிறது. அலகு பிடிக்குள் நுழையும் இடத்தில், கூர் போடாத தடித்த பகுதி ஒன்று தெரிகிறதா? அடிக்கட்டை என்று வைத்துக்கொள்வோம். செய்த பட்டறையின் பெயர், ஊர், சில சமயம் ஆண்டு என்று எல்லாவற்றையும் அங்கேதான் குத்தியிருப்பார்கள். மினுக்குகிற சக்கரம் முதலில் தின்பது அந்த எழுத்தைத்தான். எழுத்து போய்விட்டால் கத்திக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை. கருப்பைப் போக்க வழி உண்டு. போன எழுத்தைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை.

[படம்: மடக்குக் கத்தியின் உள்ளமைப்பு.]

கத்திக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு நிமிடம் பார்த்துவிடலாம். பிடியின் முதுகில் நீளமாக ஒரு எஃகு வில் படுத்திருக்கிறது. அடிக்கட்டை அந்த வில்மேல் அழுந்தி நிற்கிறது. திறக்கும்போது வில் கொஞ்சம் மேலெழுந்து, முழுதாகத் திறந்ததும் 'டக்' என்று உட்காரும். மூடும்போதும் அதே 'டக்'. பழைய பேனாக்கத்திகளில் பெரும்பாலானவை இவ்வளவுதான். பூட்டு எதுவும் கிடையாது, வில்லின் அழுத்தம் மட்டுமே. பிடியின் இரு பக்கமும் எலும்போ கொம்போ மரமோ, உள்ளே பித்தளை அல்லது இரும்புத் தகடு, எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கக் குறுக்கே ஆணிகள்.

சரி, எங்கே தேடுவது?

[காட்சி: ஞாயிறு சந்தை, தரையில் விரித்த சாக்கு, இரும்புச் சாமான்கள்.]

மதுரைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், திலகர் திடல் பக்கத்து ஞாயிறு சந்தைதான். அங்கே கத்தி என்று தனியாக அடுக்கி வைத்திருப்பவரிடம் நான் கடைசியாகத்தான் போவேன். அவருக்கு விலை தெரியும், மினுக்கியும் வைத்திருப்பார். முதலில் பார்க்க வேண்டியது சாவி இல்லாத பூட்டு, பூட்டு இல்லாத சாவி, தையல் மெஷின் உதிரி, உடைந்த ஸ்பேனர் எல்லாம் கலந்து கிடக்கும் டப்பாக்களை. பேனாக்கத்தி சின்னப் பொருள், அடியில் போய்ச் சேர்ந்துவிடும். கொட்டிக் கிளறலாமா என்று கேட்டுவிட்டுக் கிளறுங்கள். கேட்டால் பெரும்பாலும் யாரும் தடுப்பதில்லை.

அதற்கு அப்பால் காரைக்குடி. முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளை நிறையப் பேருக்குத் தெரியும். செட்டிநாட்டு வீடுகள் கலையும்போது தூண், கதவு, பீங்கான் எல்லாம் அங்கே வருகின்றன. பர்மா, மலாயா, இலங்கை என்று வியாபாரம் செய்தவர்கள் வீட்டு வெற்றிலைப் பெட்டிக்குள்ளும் மேசை டிராயருக்குள்ளும் இங்கிலாந்துக் கத்தியோ ஜெர்மன் கத்தியோ இருப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அங்கே எதையும் ஏமாந்து குறைத்து விற்க மாட்டார்கள்.

மதுரைக்கு வெளிநாட்டுக் கத்தி வந்து சேர வேறு வழிகளும் உண்டு. அமெரிக்க மதுரை மிஷன் இங்கே 1834இல் வேலையைத் தொடங்கியது. அந்த மிஷனரிகள்தான் 1845இல் கொடைக்கானலில் முதலில் வீடு கட்டியவர்கள். ஊர் 'ஹார்வி மில்' என்று சொல்லும் மதுரா மில்லில் வெள்ளைக்கார அதிகாரிகள் இருந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் போய்த் திரும்பிய சிப்பாய்களின் டிரங்குப் பெட்டிகள் இன்னும் கிராமங்களில் இருக்கின்றன. அந்தப் பெட்டிகளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்.

[நெருக்கத்தில்: அடிக்கட்டையில் எழுத்து. பக்கவாட்டில் டார்ச் வெளிச்சம்.]

இப்போது எழுத்தைப் படிப்போம். நேராக வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியாது. போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், பள்ளங்களில் நிழல் விழும். அப்படியும் தெரியாவிட்டால் கொஞ்சம் சாக்பீஸ் தூளைத் தடவித் துடையுங்கள். தூள் எழுத்துக்குள் மட்டும் தங்கும்.

நம் ஊர்ப் பக்கம் எதிர்பார்க்கக்கூடிய பெரிய பெயர், இங்கிலாந்தில் கத்திக்குப் பேர்போன ஊரான ஷெஃபீல்டு. அதிலும் ஜோசப் ராட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ். அவர்கள் முத்திரை ஒரு நட்சத்திரமும் மால்டா சிலுவையும். இந்தப் பெயருக்கு மவுசு இருந்ததால் போலிகளும் ஏராளம். 'ராட்ஜர்ஸ்' என்பதன் ஆங்கில எழுத்தில் நடுவில் 'டி' உண்டு. அது இல்லாமல் 'ரோஜர்ஸ்' என்று இருந்தால் ஜாக்கிரதை. ஷெஃபீல்டின் இன்னொரு பெயர் ஜார்ஜ் வோஸ்டன்ஹோம். அவருடைய முத்திரை ஐ, எக்ஸ், எல் என்ற மூன்றே எழுத்து.

எழுத்து வயதையும் சொல்லும். கிரீடத்தோடு வி.ஆர். என்று இருந்தால் அது விக்டோரியா. அவர் அரசியானது 1837இல், அதற்கு முன்னால் அந்தக் கத்தி போக முடியாது. ஊர்ப் பெயரோடு 'இங்கிலாந்து' என்று நாட்டுப் பெயரும் இருந்தால் பெரும்பாலும் 1890க்குப் பிந்தையது. தங்கள் நாட்டுக்குள் வரும் சரக்கில் எந்த நாட்டில் செய்தது என்று குறித்திருக்க வேண்டும் என அமெரிக்கா 1890இல் சட்டம் போட்டது. அப்புறம் அது வழக்கமாகிவிட்டது.

எனக்குப் பிடித்த சோதனை 'ஸ்டெயின்லெஸ்' என்ற வார்த்தை. துருப்பிடிக்காத எஃகை ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருக்கியது 1913இல். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் சந்தையில் இப்படி ஒரு பேச்சு நடக்கும்:

"அண்ணே, இது என்ன வெல?"

"தம்பி, இது நூத்தம்பது வருசத்துக் கத்தி. வெள்ளக்காரன் வச்சிருந்தது. ஆயிரம் குடுங்க."

"ஸ்டெயின்லெஸ்னு போட்டிருக்கேண்ணே. அது வந்தே இன்னும் நூத்தம்பது வருசம் ஆகலையே."

"சரி, நீங்க ஒரு வெல சொல்லுங்க."

சண்டைக்குப் போக வேண்டியதில்லை, சிரித்துக்கொண்டே சொன்னால் போதும்.

ஜெர்மன் கத்தி என்றால் சோலிங்கன் என்ற ஊர்ப் பெயரைத் தேடுங்கள். 1938 முதல் அந்தப் பெயருக்கே ஜெர்மனியில் சட்டப் பாதுகாப்பு உண்டு. மெல்லிய இரும்புத் தகட்டை மடித்துக் கறுப்பு வண்ணம் பூசிய பிடியில் பூனைச் சின்னமும் 'கே 55 கே' என்ற எழுத்தும் இருந்தால், அது மெர்கேட்டர். பார்க்கத் தகரம்தான், ஆனால் அலகு பிரமாதம்.

சுவிஸ் கத்தி எல்லோருக்கும் தெரியும். கார்ல் எல்சனர் 1884இல் பட்டறை தொடங்கினார், 1891இல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்தார். அவர் அம்மா விக்டோரியா 1909இல் இறந்ததும் அந்தப் பெயரைக் கத்திக்கு வைத்தார்கள். 1921இல் துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' அதோடு சேர்ந்து விக்டோரிநாக்ஸ் ஆனது. அதனால் வெறும் 'விக்டோரியா' என்று குத்தியிருந்தால் கையை விட்டு வைக்காதீர்கள். சிவப்புப் பிடியும் வெள்ளைச் சிலுவையும் மட்டும் பார்த்து வாங்க வேண்டாம், சந்தையில் கிடக்கும் சிவப்புக் கத்திகளில் நகல்தான் அதிகம். வெள்ளி நிற அலுமினியப் பிடி போட்ட சிப்பாய்க் கத்தி 1961 முதல் 2008 வரை வந்தது. அதன் அடிக்கட்டையில் ஆண்டின் கடைசி இரண்டு எண் இருக்கும், வயதை ஊகிக்கவே வேண்டாம்.

பிரான்ஸின் ஒப்பினெல் மரப்பிடிக் கத்தியில் வில்லே கிடையாது. கழுத்தில் சுழலும் வளையம் இருந்தால் 1955க்குப் பிந்தையது.

பிரிட்டிஷ் ராணுவக் கத்தியைக் கையில் எடுத்தாலே கனம் சொல்லிவிடும். கறுப்புச் சொரசொரப்புப் பிடி, ஒரு அலகு, டின் திறப்பான், பலவற்றில் கயிற்று முடிச்சு அவிழ்க்கும் தடித்த ஊசி. அரசுச் சொத்துக்கான அகன்ற அம்புக்குறியும் ஆண்டும் அதில் இருக்கும்.

பெயரே இல்லாத கத்திகளையும் ஒதுக்கிவிடாதீர்கள். திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர்போன வட்டாரம் இது. கொல்லுப் பட்டறையில் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்து, கொம்புப் பிடி போட்டு, ஒரே ஆணியில் நிற்கும் மடக்குக் கத்தி கிடைத்தால் நான் ராட்ஜர்ஸைவிட அதைத்தான் ஆசையாக எடுப்பேன். அதற்கு விலைப்பட்டியல் கிடையாது, போலியும் கிடையாது. நத்தம் பக்கத்து மாந்தோப்புகளில் ஒட்டுக்கட்டப் பயன்பட்ட நேரான அலகுள்ள சின்னக் கத்திகளும் அப்படித்தான்.

[காட்சி: கை மெதுவாகக் கத்தியைத் திறக்கிறது.]

எழுத்து திருப்தி என்றால் உடம்பைப் பாருங்கள். அலகைத் திறந்து, பக்கவாட்டில் லேசாக ஆட்டுங்கள். கொஞ்சம் ஆடினால் பரவாயில்லை, லொடலொட என்றால் ஆணி தேய்ந்துவிட்டது. 'டக்' சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். சத்தமே இல்லாமல் சோம்பலாகத் திறந்தால் உள்ளே அழுக்கு அடைத்திருக்கலாம், அது சரியாகும். வில் உடைந்திருந்தால் அலகு தொளதொள என்று தொங்கும், அது சரியாகாது.

அப்புறம், சாணை எவ்வளவு தின்றிருக்கிறது? அடிக்கட்டை அருகில் கூர் படாத இடத்தின் அகலத்தையும் அலகின் நடு அகலத்தையும் ஒப்பிடுங்கள். நடுவில் அலகு ஒடுங்கிப் போயிருந்தால் பல வருடச் சாணை. நகம் வைத்து இழுக்கும் பள்ளம் கூர் ஓரத்துக்கு மிக அருகில் வந்திருந்தாலும் அதே கதைதான். மூடிய நிலையில் நுனி பிடிக்குள் ஒளிந்திருக்க வேண்டும், வெளியே எட்டிப் பார்த்தால் விரலைக் கிழிக்கும்.

சிவப்புத் துரு வளர்ந்துகொண்டே இருக்கும். சாம்பலும் கறுப்புமாகப் படிந்த நிறம் வேறு. கார்பன் எஃகில் பழமும் காயும் வெட்டி வெட்டி வருவது அது, ஓரளவு பாதுகாப்பும் கூட. அதைத் தேய்த்து எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

[நெருக்கத்தில்: எலும்புப் பிடி, கொம்புப் பிடி, கோடுகள் ஓடும் வெள்ளைப் பிடி.]

பிடியில் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. மாட்டு எலும்பில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் தெரியும். மாட்டுக் கொம்பு, எருமைக் கொம்பு எல்லாம் பிரச்சினை இல்லை. யானைத் தந்தத்தில் புள்ளி இருக்காது, வெட்டுமுகத்தில் குறுக்கும் நெடுக்குமாக வளைகோடுகள் ஓடும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தந்தத்தை வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது. 'பழசுதானே' என்ற வாதம் நிற்காது. கரடுமுரடான மிளா மான் கொம்புப் பிடிகள் ஷெஃபீல்டு கத்திகளில் உண்டு. அந்தக் கொம்பே பெருமளவு இந்தியாவிலிருந்து போனதுதான். மான் கொம்பு என்று தெரிந்தால் நான் தொடுவதில்லை, நீங்களும் விலகிப் போவது நல்லது.

ஆமை ஓடு மாதிரியும் முத்துச்சிப்பி மாதிரியும் மினுங்கும் பழைய பிளாஸ்டிக் பிடி பெரும்பாலும் செல்லுலாய்டு. கட்டைவிரலால் சூடு பறக்கத் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசனை வரும். சிலர் காய்ச்சிய ஊசியால் குத்திச் சோதிப்பார்கள். தயவுசெய்து வேண்டாம், செல்லுலாய்டு சட்டென்று தீப்பிடிக்கும். அது கெட ஆரம்பித்தால் அமில ஆவி விடும், அந்த ஆவி பக்கத்தில் இருக்கும் கத்தியையும் துருவாக்கும். அதனால் காற்றோட்டத்தோடு தனியாக வையுங்கள்.

[காட்சி: தையல் மெஷின் எண்ணெய், பழைய துணி, ஓட்டைக்காலணா.]

வீட்டுக்கு வந்ததும் தையல் மெஷின் எண்ணெயை மூட்டில் ஒரு சொட்டு விட்டுத் திறந்து மூடுங்கள். கருப்பாக வழியும், துடைத்துவிட்டுத் திரும்ப விடுங்கள். எண்ணெய் சுத்தமாக வரும்வரை இதே வேலை. நல்லெண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசுபிசுத்து மூட்டையே ஒட்டிவிடும். சிவப்புத் துருவுக்கு உப்புத்தாள் போடாதீர்கள். எண்ணெய் தடவி, பழைய ஓட்டைக்காலணா நாணயத்தின் ஓரத்தால் சுரண்டுங்கள். அதன் வெண்கலம் எஃகைவிட மென்மையானது, துருவை எடுக்கும், அலகைக் கீறாது. எலும்புப் பிடியைத் தண்ணீரில் ஊறப்போடக் கூடாது.

கூர் வேண்டுமானால் கல்லில் கையால் தீட்டுங்கள். வேகமாகச் சுற்றும் சாணைச் சக்கரத்தில் கொடுத்தால் பொறி பறக்கும், ஓரம் நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். தோல் உறையில் போட்டுச் சேமிப்பதும் தப்பு, தோல் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் வாரம் ஒருமுறை எடுத்துத் துடைத்தால் போதும், மற்ற மாதங்களில் மதுரை வெயில் பார்த்துக்கொள்ளும்.

கடைசியாகச் சட்டம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் விதிகளில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் ஆனதாக இல்லையென்றால், உரிமம் கேட்கும் ஆயுதமாகிறது. பேனாக்கத்தி அந்த அளவுக்குப் பக்கத்திலேயே வராது. ஆனால் பட்டனை அமுக்கினால் பாயும் ராம்பூரி வகைக் கத்தியை 'கலெக்‌ஷன்' என்று சொல்லி வாங்காதீர்கள். ரோந்துப் போலீஸிடம் அந்த விளக்கம் எடுபடாது. வாங்கிய கத்தியைத் துணியில் சுற்றிப் பையின் அடியில் வைத்து நேராக வீட்டுக்குக் கொண்டு போங்கள். அதே ஞாயிற்றுக்கிழமை மீனாட்சியம்மன் கோயிலுக்கும் போகிற எண்ணம் இருந்தால், முதலில் கோயில், அப்புறம் சந்தை. வாசலில் பையைச் சோதிப்பார்கள்.