ஹெர்னியா ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும்: தங்கச்சிமடத்துத் தங்கச்சியின் கேள்விக்குப் பதில்

வணக்கம். இந்த வாரம் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அவர் வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர், வலது பக்கம் குடலிறக்கம், அதாவது ஹெர்னியா. மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில்தானே நிற்கிறது, அதற்குள் முடித்துவிடலாம் என்று ராமநாதபுரத்தில் மே 6-ஆம் தேதிக்கு ஆபரேஷன் நாள் வாங்கியிருக்கிறார்கள். முதல் நாள் ராத்திரிக்கு மேல் ஒன்றும் கொடுக்காதே என்கிறார்கள், காலையில் ஒரு வாய் டீ கொடுத்தால் என்ன? ஆபரேஷன் முடிந்து மீன் கொடுத்தால் சீழ் வைக்குமா? தடை முடிந்ததும் ஜூன் 15 அன்று கடலுக்குப் போகலாமா? இவ்வளவும் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறார். "அவர் தினமும் குடிப்பார், சொன்னால் ஆபரேஷன் செய்ய மாட்டார்களோ என்று டாக்டரிடம் சொல்லவில்லை."

தங்கச்சி, அந்தக் கடைசி வரியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை அதில்தான். நான் பத்தொன்பது வருடமாக ஆபரேஷன் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். ஒரு தடவை இப்படித்தான், ஒரு அண்ணன், கடல்காரர், ஆபரேஷன் நன்றாக முடிந்தது, இரண்டு நாள் நல்லாத்தான் பேசிக்கொண்டிருந்தார். லேசாகக் கை நடுங்கியது, குளிர் என்று போர்த்திவிட்டார்கள். மூன்றாம் நாள் ராத்திரி இரண்டு மணி இருக்கும், கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, டிரிப்ஸ் டியூபை இரண்டு கையாலும் மாற்றி மாற்றி இழுக்கிறார். வலை இழுக்கிறார். "ஏலே பிடி, பாரமா வருது" என்று பக்கத்துக் கட்டில்காரரைக் கூப்பிடுகிறார். கையில் போட்டிருந்த ஊசி பிடுங்கி ரத்தம் சட்டையெல்லாம் வழிகிறது, அவருக்கு அது தெரியவே இல்லை. அந்த மனைவி அப்போதுதான் அழுதுகொண்டே சொன்னார், இவர் பதினைந்து வருடமாக ஒரு நாள் விடாமல் குடிப்பவர் என்று. தினமும் குடித்துப் பழகிய உடம்பில் சாராயம் திடீரென்று நின்றால், முதல் நாளிலேயே நடுக்கமும் வியர்வையும் ஆரம்பிக்கும், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இந்தப் பிதற்றல் வரும், வலிப்புகூட வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முன்னாடியே சொல்லியிருந்தால் டாக்டர் அதற்கு மாத்திரையும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்திருப்பார், நாங்களும் கண்ணில் எண்ணெய் ஊற்றிப் பார்த்திருப்போம். தேதியை வேண்டுமானால் கொஞ்சம் தள்ளுவார்கள், தள்ளட்டும். அவரைத் திட்டுவதற்காக யாரும் கேட்கவில்லை. எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார், இரண்டையும் சொல்லுங்கள். நீங்களாகவே வீட்டில் ஒரே நாளில் நிறுத்தவும் வேண்டாம், டாக்டரைக் கேட்டு நிறுத்துங்கள்.

பீடியும் இருக்கும் என்று நினைக்கிறேன். அதை இன்றைக்கே விட்டால் நல்லது, நாலு வாரம் முன்னாடி விட்டால் நெஞ்சுச் சளித் தொந்தரவும் புண் ஆறாத தொந்தரவும் நன்றாகக் குறையும். ஹெர்னியாவுக்கு இது ரொம்ப முக்கியம், ஒவ்வொரு இருமலும் நேராகத் தையலில் போய்த்தான் இடிக்கும்.

சரி, டீ. முதுகில்தானே ஊசி போடுவார்கள், ஆளை மயக்க மாட்டார்களே என்று நிறைய பேர் கேட்கிறார்கள். முதுகு ஊசி சரியாகப் பிடிக்காவிட்டால் முழு மயக்கம் கொடுக்க வேண்டி வரும். முழு மயக்கத்தில் தொண்டைக்குக் காவல் கிடையாது, வயிற்றில் இருப்பது மேலே வந்து நேராக நுரையீரலுக்குள் இறங்கிவிடும். இட்லி மாதிரி லேசான சாப்பாட்டுக்குக் குறைந்தது 6 மணி நேரம், எண்ணெய்ப் பலகாரம், கறி, பரோட்டா என்றால் 8 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி வேண்டும். வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பு வரை பல இடங்களில் விடுகிறார்கள், ஆனால் உங்கள் மயக்க டாக்டர் எந்த நேரம் சொன்னாரோ அதுதான் கணக்கு. பால் டீ தண்ணீர் கணக்கில் வராது, வயிற்றுக்குள் போனால் அது சாப்பாடு மாதிரிதான். ஒரு பாட்டி தன் மகனுக்கு விடியற்காலை பிளாஸ்கிலிருந்து அரை டம்ளர் டீ கொடுத்துவிட்டு டம்ளரைத் தலையணைக்குக் கீழே ஒளித்துவைத்திருந்தார், பெட்ஷீட் மாற்றும்போது என் கையில் தட்டியது. அன்றைக்கு ஆபரேஷன் தள்ளிப்போனது. அந்தப் பாட்டி மேல் எனக்குக் கோபம் வரவில்லை, பிள்ளை பசியோடு கிடக்கிறானே என்ற பாசம். நானே அவரிடம் காரணத்தை விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். தெரியாமல் கொடுத்துவிட்டால்கூட ஒளிக்காதீர்கள், உடனே சிஸ்டரிடம் சொல்லிவிடுங்கள். பிரஷர், சுகர், ரத்தம் இளக்கும் மாத்திரை எது போட்டாலும் அட்டையோடு கொண்டுவந்து காட்டுங்கள், சிலதை அன்று காலை ஒரு மடக்குத் தண்ணீரில் போடச் சொல்வார்கள், சிலதை நிறுத்தச் சொல்வார்கள், நாமாக முடிவு பண்ணக் கூடாது. லேகியம், நாட்டு மருந்து சாப்பிட்டாலும் சொல்ல வேண்டும்.

முதல் நாள் ராத்திரியும் காலையிலும் சோப்புப் போட்டுக் குளிக்கட்டும். முடியை வீட்டில் பிளேடால் வழிக்க வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத கீறலில் கிருமி ஏறும், தேவைப்பட்டால் நாங்கள் மெஷினால் எடுத்துக்கொள்வோம். அப்புறம் அரைஞாண் கயிறு. இதற்கு ஒவ்வொரு தடவையும் ஒரு போராட்டம். கத்தி வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் அது கிடக்கிறது, வருடக்கணக்கில் வேர்வையும் உப்பும் ஊறிய கயிறு. முதல் நாளே வீட்டில் அவிழ்த்து, நீங்களே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், தியேட்டர் வாசலில் வைத்து நாங்கள் வெட்டினால் உங்களுக்கும் மனசு கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம்.

உள்ளே போகும்வரை ஆளாளுக்கு வந்து பெயர் என்ன, எந்தப் பக்கம் ஆபரேஷன் என்று கேட்பார்கள். எத்தனை தடவை சொல்வது என்று எரிச்சல்பட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த சரிபார்ப்பு முறை அது, ஆள் மாறக் கூடாது, பக்கம் மாறக் கூடாது என்பதற்காக. வலது பக்கம் பேனாவால் குறி போட்டிருக்கிறார்களா என்று அவரே பார்க்கட்டும், போடவில்லை என்றால் தாராளமாகக் கேட்கலாம்.

ஆபரேஷன் முடிந்து வந்ததும் கால் மரத்திருக்கும், சில மணி நேரத்தில் உணர்வு வந்துவிடும். அதில் நான் காத்திருப்பது ஒரே ஒரு விஷயத்துக்கு, ஒன்றுக்குப் போனாரா என்று. முதுகு ஊசிக்குப் பிறகு நிறைய ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும், வெட்கப்பட்டு வாயைத் திறக்க மாட்டார்கள். 6 மணி நேரமாகியும் போகவில்லை, அடிவயிறு கல்லு மாதிரி இருக்கிறது என்றால் உடனே கூப்பிடுங்கள். முதல் தடவை கட்டிலை விட்டு இறங்கும்போது சிஸ்டர் பக்கத்தில் இல்லாமல் இறக்க வேண்டாம், நடக்க வைக்க வேண்டியது அவசியம்தான், படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும், நெஞ்சில் சளி கட்டும், ஆனால் தலைசுற்றி விழுந்தால் வேறு தொல்லை. இருமல் வந்தால் ஒரு தலையணையைத் தையல் மேல் வைத்து அழுத்திக்கொண்டு இருமச் சொல்லுங்கள், வலி பாதியாகத் தெரியும். விதைப்பை கொஞ்சம் வீங்கி நீலம் பாரிக்கலாம், பல பேருக்கு வருவதுதான். வீக்கம் ஏறிக்கொண்டே போனால், வலி தாங்க முடியாவிட்டால் காட்ட வேண்டும்.

மீன் தாராளமாகக் கொடுக்கலாம், டாக்டர் சாப்பாடு ஆரம்பிக்கச் சொன்ன பிறகு. மீன் சாப்பிட்டால் சீழ் வைக்காது. சீழ் வைப்பது கிருமியால். புண் ஆற உடம்புக்குப் புரதம் வேண்டும், பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறாவைத் தேடிப்பிடித்துக் கொடுக்கிற ஊர் நம்முடையது, வயிற்றைக் கிழித்துத் தைத்தவருக்கு மட்டும் வெறும் ரசம் சாதமா? விளமீனோ காரலோ காரம் குறைத்துக் குழம்பு வைத்துக் கொடுங்கள். கருவாடு மட்டும் வேண்டாம், அதுவும் உப்புக்காகத்தான், பிரஷர் இருந்தால் ஏறும். கீரை, பழம், தண்ணீர் நிறைய கொடுங்கள், மலச்சிக்கலில் முக்கினால் தையலுக்கு அதுவும் ஆகாது.

உப்புத்தண்ணீர் புண்ணை ஆற்றும் என்று கடலில் இறக்கிவிடுவார்கள், அதை மட்டும் செய்துவிடாதீர்கள். வெதுவெதுப்பான கடல் தண்ணீரில் ஆறாத புண் வழியாக ஏறுகிற கிருமி இருக்கிறது. ஊருணியும் வேண்டாம். இரண்டு நாள் கழித்து டாக்டர் சொன்னால் வீட்டில் மொண்டு ஊற்றிக் குளிக்கலாம், புண்ணை ஊற விடக் கூடாது. தையலைச் சுற்றிச் சிவப்பு பரவினால், சூடாக இருந்தால், சீழ் வடிந்தால், காய்ச்சல் 100.4-ஐத் தாண்டினால் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். மூச்சு வாங்கினால் யோசிக்கவே வேண்டாம், 108.

இனி ஜூன் 15. மே 6-இலிருந்து எண்ணினால் ஆறு வாரம் முடிவது ஜூன் 17 அன்றுதான். தடை முடிந்த முதல் நாள் மீன் நன்றாகக் கிடைக்கும், மனசு அடித்துக்கொள்ளும், எனக்குத் தெரியும், என் அப்பாவும் கடலுக்குப் போனவர்தான். ஆனால் கயிறு இழுப்பதும் ஐஸ் பெட்டி தூக்குவதும் ஆறு வாரம் முடிந்து, டாக்டர் தொட்டுப் பார்த்துச் சரி என்ற பிறகுதான். முதல் தடவை கடலுக்கு அவருக்குப் பதில் வேறு ஆள் போகட்டும் என்று படகுக்காரரிடம் இப்போதே பேசி வைத்துவிடுங்கள், தங்கச்சி.