மூன்றாவது பந்து: 'கேஸி அட் தி பேட்' கவிதையைப் படிக்கும் விதம்

[திரையில் கரும்பலகை. சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருக்கிறது: 4 – 2]

மட்வில் என்ற ஊரின் பேஸ்பால் அணி இரண்டு ரன் பின்தங்கி நிற்கிறது. மிச்சம் ஒரே ஒரு இன்னிங்ஸ். கூனி அவுட். அடுத்து வந்த பாரோஸும் அவுட். மூன்றாவதாக இன்னும் ஒருவர் வெளியேறினால் ஆட்டம் முடிந்தது. நம்பிக்கை போன சிலர் எழுந்து கிளம்புகிறார்கள். மற்றவர்கள் உட்கார்ந்திருப்பது ஒரே ஒரு மனிதனுக்காக. கேஸி மட்டும் மட்டையோடு வந்துவிட்டால், இந்த நிலையிலும் சரிக்குச் சரி பந்தயம் கட்டத் தயார் என்கிறார்கள்.

'கேஸி அட் தி பேட்' என்ற ஆங்கிலக் கவிதை இப்படித்தான் தொடங்குகிறது. எழுதியவர் எர்னஸ்ட் லாரன்ஸ் தேயர். 1888 ஜூன் 3 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவின் எக்ஸாமினர் நாளிதழில், 'ஃபின்' என்ற புனைபெயரில் வந்தது. ஹார்வர்டில் லாம்பூன் என்ற நகைச்சுவை இதழுக்கு ஆசிரியராக இருந்தவர் தேயர். அதே இதழின் வரவுசெலவைப் பார்த்த வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்ட் பின்னால் எக்ஸாமினரை நடத்தியபோது அவரை எழுத அழைத்தார். இந்தக் கவிதைக்குக் கிடைத்த சன்மானம் 5 டாலர்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: கேஸி அவுட் ஆகிறான். ஆனால் எப்படி அவுட் ஆகிறான் என்ற இடத்தில்தான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்த வாசகர் தடுக்கி விழுகிறார். மூன்று பந்துகளையும் அடிக்கப் போய்த் தவறவிட்டான் என்று நினைத்துக்கொள்கிறார். அப்படியில்லை. மொத்தக் கவிதையிலும் கேஸி மட்டையைச் சுழற்றுவது ஒரே ஒரு முறை.

[திரையில்: ஹோம் பிளேட், அதன் பக்கத்தில் பேட்டரின் கோட்டோவியம். முழங்காலிலிருந்து தோள் வரை ஒரு கட்டம்.]

தரையில் பதித்திருக்கும் இந்தத் தட்டுதான் ஹோம் பிளேட். இதற்கு மேலாக, பேட்டரின் முழங்காலுக்கும் தோளுக்கும் நடுவே வந்தால் அது நல்ல பந்து. இது 1888இன் அளவு. இன்று மேல் எல்லை மார்புப் பக்கம் இறங்கிவிட்டது. எந்தப் பந்தையானாலும் சுழற்றித் தவறவிட்டால் ஸ்ட்ரைக். நல்ல பந்தைச் சுழற்றாமல் விட்டாலும் ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்தால் அவுட். கிரிக்கெட்டில் பந்தைத் தொடாமல் விடுவது பொறுமைக்கு அடையாளம். ஸ்டம்பைக் காத்துக்கொண்டால் போதும், எத்தனை விட்டாய் என்று யாரும் எண்ணுவதில்லை. பேஸ்பாலில் எண்ணுகிறார்கள்.

இந்த விதிகளுக்கு அப்போது மை காய்ந்திருக்கவில்லை. 1886 வரை பேட்டர் 'உயரமாகப் போடு', 'தாழ்வாகப் போடு' என்று பந்தை எறியும் பிட்ச்சரிடம் கேட்டு வாங்கலாம். 1887இல் அந்த உரிமை போனது. அந்த ஒரு வருடம் மட்டும் நான்கு ஸ்ட்ரைக்குக்குத்தான் அவுட். 1888இல் மறுபடி மூன்றாயிற்று. கவிதையில் முதல் பந்து பக்கத்தில் பறந்து போகிறது. கேஸி, 'இது என் பாணி இல்லை' என்கிறான். அம்பயர், 'ஸ்ட்ரைக் ஒன்று' என்கிறார். கேட்டு வாங்கிய காலத்தின் தோரணை அது. அந்தக் காலம் போய் இரண்டு சீசன் ஆகிவிட்டது. போன வருடமாக இருந்திருந்தால் அவனுக்கு இன்னொரு பந்தாவது மிஞ்சியிருக்கும். அன்று காலை நாளிதழைப் பிரித்தவர்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

இனி கணக்கு. கேஸிக்கு முன்னால் இரண்டு பேர் ஆட வேண்டும்: ஃபிளின், ஜிம்மி பிளேக். கூட்டத்துக்கு இருவர் மேலும் மதிப்பில்லை. தேயர் அந்தக் காலத்துக் கொச்சையில் இருவரையும் கிண்டல் செய்கிறார். ஆனால் ஃபிளின் அடித்து, ஓடுபவர் நின்றுகொள்ளும் இடங்களில் முதலாவதான முதல் பேஸ் சேர்கிறான். ஊரே இளக்காரம் செய்த பிளேக், பந்தின் தோல் கிழியும்படி அடிக்கிறான். புழுதி அடங்கியதும் பார்த்தால் பிளேக் இரண்டாம் பேஸில், ஃபிளின் மூன்றாம் பேஸில். இங்கே ஒரு சின்னத் தடுமாற்றம்: முதலில் அச்சான வடிவத்தில் பிளேக்கின் பெயர் ஒரு பத்தியில் ஜிம்மி, அடுத்த பத்தியில் ஜானி. புதிதாக ஒருவர் வந்துவிட்டாரோ என்று தேட வேண்டாம், அதே ஆள்தான்.

[திரையில்: வைர வடிவ மைதானம். இரண்டாம், மூன்றாம் பேஸில் இரண்டு புள்ளிகள்.]

கேஸி ஒரு ஹோம் ரன், அதாவது எல்லா பேஸையும் சுற்றி வரவைக்கும் அடி, அடித்தால் மூன்று பேரும் வீடு, அதாவது ஹோம் பிளேட், வருவார்கள்: ஆளுக்கு ஒரு ரன், 5 – 4, வெற்றி. நல்ல ஒற்றை அடியே போதும், இருவரும் வந்து 4 – 4 ஆகலாம். இரண்டு பேர் அவுட்டான நிலையில், பந்து மட்டையில் பட்டதுமே ஓட்டக்காரர்கள் யோசிக்காமல் கிளம்பிவிடுவார்கள். மூன்றாம் பத்தியில் நம்பிக்கையே இல்லாத கூட்டம் ஐந்தாம் பத்தியில் மலை அதிரக் கத்துவதற்கு இந்தக் கணக்குதான் காரணம். அந்த வாய்ப்பை உண்டாக்கியது கேஸி அல்ல, யாரும் மதிக்காத இரண்டு பேர். கவிதை இதைச் சுட்டிக்காட்டுவதில்லை. நிகழ்த்திக் காட்டிவிட்டுப் போகிறது.

இப்போது வரிகளை எண்ணுங்கள். பத்திக்கு நான்கு வரியாக 13 பத்தி, மொத்தம் 52 வரி. கேஸி களத்துக்கு நடந்து வருவது 20ஆம் வரியில். மட்டையைச் சுழற்றுவது 48ஆம் வரியில். நடுவே என்ன நடக்கிறது? தொப்பியைத் தொட்டு வணங்குகிறான். கையில் மண் தேய்க்கிறான். பத்தாயிரம் கண்கள் பார்க்கின்றன. சட்டையில் துடைக்கிறான், ஐயாயிரம் நாக்குகள் ஆரவாரிக்கின்றன. ஐயாயிரம் பேர், ஆளுக்கு இரண்டு கண், ஒரு நாக்கு. தேயர் கணக்கில் தவறவில்லை. பந்துகள் வருவது எட்டாம், பத்தாம், பன்னிரண்டாம் பத்திகளில். ஒன்பதும் பதினொன்றும் கூட்டத்தின் சத்தத்துக்கு: முதல் ஸ்ட்ரைக்குக்கு 'அம்பயரைக் கொல்லு', இரண்டாவதற்கு 'மோசடி'. இரண்டு முறையும் கூட்டத்தை அடக்குபவன் கேஸியே. முதல் தடவை கை உயர்த்தி, முகத்தில் கிறிஸ்தவக் கருணை ததும்ப. அடுத்த தடவை ஒரே ஒரு ஏளனப் பார்வையால். அம்பயர் பிழை செய்தார் என்று கவிதை எங்கும் சொல்லவில்லை. பிட்ச்சருக்குப் பெயர்கூட இல்லை. பந்தை இடுப்பில் வைத்துத் தேய்க்கும் ஒருவன், அவ்வளவுதான்.

மொழியையும் கவனியுங்கள். சின்ன ஊர் ஆட்டம், ஆனால் சொற்கள் பெருங்காப்பியத்துக்கானவை. பந்து என்று சொன்னால் போதும் என்ற இடத்தில் 'தோல் போர்த்த கோளம்' என்கிறார். முணுமுணுப்பு, தொலைதூரக் கரையில் மோதும் புயல் அலை ஆகிறது. இதைத் தமிழில் பெயர்ப்பவர்கள் செய்யும் பெரிய பிழை, எல்லாவற்றையும் பேச்சுத் தமிழாக்கி இலகுவாக்குவது. உயர்நடையை இறக்கிவிட்டால் விழுவதற்கு உயரம் இருக்காது. கேஸியும் அம்பயரும் பேசும் வரிகள் மட்டும் பேச்சாகவே இருக்கட்டும். மூலத்திலும் அவை அப்படித்தான்.

யாப்பு தமிழ் வாசகருக்கு எட்டாததல்ல. அடிக்கு ஏழு சீர், பாட்டுக்கு நான்கடி: எண்ணிக்கையில் நம் எழுசீர் விருத்தம். ஒப்பு அதோடு நிற்கிறது. ஆங்கிலத்தில் சீர் என்பது அழுத்தமில்லாத அசையும் அழுத்தமான அசையும் சேர்ந்த ஜோடி. 'டடம்' என்று ஏழு முறை தொடையில் தட்டிப் பாருங்கள், ஒரு வரி முடியும். நம் அடிமுதல் எதுகைக்குப் பதில் அடியிறுதி இயைபு: முதல் இரண்டு அடிக்கு ஒன்று, கடைசி இரண்டுக்கு ஒன்று. பல வரிகளில் நாலாம் சீர் முடிந்ததும் மூச்சு விட இடம் கிடைக்கும்.

[திரையில்: கருப்பு. எழுத்து எதுவும் இல்லை.]

பன்னிரண்டாம் பத்தி. ஏளனம் போய்விட்டது. பற்களைக் கடித்து, மட்டையால் தட்டை ஓங்கி அடிக்கிறான். இப்போது பிட்ச்சர் பந்தைப் பிடித்திருக்கிறான், இப்போது விடுகிறான், இப்போது கேஸியின் அடியில் காற்று நொறுங்குகிறது.

காற்று. பந்து இல்லை. கவிதையின் தீர்ப்பு இந்த ஒரு சொல்லில் வந்துவிட்டது, ஆனால் முதல் முறை கேட்பவர் 'நொறுங்குகிறது' என்பதன் வேகத்தில் அதைக் கடந்து போவார். பந்து என்ன ஆனது என்று தேயர் சொல்வதே இல்லை. உடனே கேமரா ஊரைவிட்டுத் திரும்பியதுபோலக் கடைசிப் பத்தி: எங்கோ வெயில் பளிச்சிடுகிறது, எங்கோ வாத்தியம் முழங்குகிறது. ஐந்து முறை 'எங்கோ' வருகிறது. மூன்று வரிகளுக்கு நாம் மைதானத்தில் இல்லை. அந்த மூன்று வரிகளின் நேரத்தில்தான் தோல்வி நமக்கு உறைக்கிறது.

இதை அரங்கில் ஏற்றியவர் டிவுல்ஃப் ஹாப்பர் என்ற நடிகர். 1888 ஆகஸ்டில் நியூயார்க்கின் வாலக்ஸ் தியேட்டரில், நியூயார்க், சிகாகோ அணி வீரர்கள் பார்வையாளர்களாக இருக்கையில் சொன்னார். பிறகு பத்தாயிரம் தடவைக்கு மேல் சொன்னதாக அவரே கணக்கு வைத்திருந்தார். 1906இல் இசைத்தட்டாகவும் பதிவானது.

நீங்கள் மேடையில் சொல்வதாக இருந்தால், ஐந்திலிருந்து ஆறு நிமிடம் ஒதுக்குங்கள். முதல் மூன்று பத்தியைத் தளர்ந்த குரலில் சொல்லுங்கள். பலர் இங்கேயே உச்சத்துக்குப் போய்விட்டு ஐந்தாம் பத்தியில் போக இடமில்லாமல் நிற்பார்கள். 'ஸ்ட்ரைக் இரண்டு' அம்பயரின் குரல். கத்த வேண்டாம், அலுவலகக் குரல் போதும். மூன்று 'இப்போது'களுக்கு நடுவிலும் இடைவெளி கூடிக்கொண்டே போகட்டும். 'காற்று' என்ற சொல்லை அழுத்தாதீர்கள், அழுத்தினால் முடிவு முன்கூட்டியே உடைந்துவிடும். அதன்பின் முழுதாக மூன்று நொடி மௌனம். கடைசிப் பத்தியை ஒரு தாலாட்டின் வேகத்தில். மூன்றாம் வரி குழந்தைகள் கத்தும் ஓசையில், 'ஷவுட்' என்று முடிகிறது. அந்த இயைபு காதில் இருக்கும்போதே, குரலை ஏற்றாமல், மட்வில்லில் மகிழ்ச்சி இல்லை என்று சொல்லி, ஓசை ஒத்த 'அவுட்'டில் நிறுத்துங்கள்.