நான்கு சோதனைகளும் தவறு என்று சொன்ன மாணவர்

வணக்கம் நண்பர்களே. இன்று வெண்குறு விண்மீன்கள் வீடியோவின் இரண்டாம் பகுதி வர வேண்டியது. அதைத் தள்ளிவைத்துவிட்டேன், காரணம் கோபம். ஒரு வினாடி வினா நிகழ்ச்சியில் ‘நோபல் பரிசு கைநழுவிய இந்திய இயற்பியலாளர் யார்?’ என்று கேட்டார்கள். விடை இ. சி. ஜி. சுதர்சன். அவரைப் பற்றிக் கேட்க வேறு கேள்வியே அகப்படவில்லையா?

1957இல் அவருக்கு வயது 25. அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் மார்ஷக்கிடம் ஆராய்ச்சி மாணவர். அணுக்கரு எலக்ட்ரானை உமிழ்ந்து மாறும் பீட்டா சிதைவை நடத்தும் விசைக்கு எந்தக் கணித வடிவம் என்பதுதான் அன்றைய பெரும் குழப்பம். ஹீலியம்-6 சோதனை ‘டென்சர்’ என்ற ஒரு வகை வடிவத்தைக் காட்டியது, மற்றவை வேறு திசையில் இழுத்தன. இருவரும் எல்லாத் தரவுகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். இத்தகைய சிதைவுகள் அனைத்துக்கும் பொதுவாக ஒரே விதி இருக்குமானால் அது ‘வி மைனஸ் ஏ’, அதாவது வெக்டரிலிருந்து ஆக்சியல் வெக்டரைக் கழித்த வடிவம் மட்டும்தான். அதற்கு நான்கு சோதனைகள் குறுக்கே நின்றன. வேறு யாராக இருந்தாலும் கோட்பாட்டை வளைத்திருப்பார்கள். இவர்களோ அந்த நான்கையும் திரும்பச் செய்து பாருங்கள் என்று எழுதினார்கள்!

அந்தத் துணிச்சலை நினைத்தாலே எனக்குப் புல்லரிக்கிறது. பையான் என்ற நுண்துகளையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் பத்தாயிரம் பையான்களில் ஒன்று எலக்ட்ரானாகச் சிதைய வேண்டும் என்கிறது கோட்பாடு. சோதனையில் அப்படி எதுவும் தென்படவில்லை. 1958இல் ஜெனீவாவின் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகம் தேடியது, கிடைத்தது. மற்ற மூன்றும் பிறகு இவர்கள் பக்கமே சாய்ந்தன. நான்குக்கு நான்கு!

ஒன்றைச் சொல்லாமல் வந்துவிட்டேன். 1957 ஏப்ரலில் ரோசெஸ்டரிலேயே பெரிய மாநாடு நடந்தது. மாணவர் என்பதால் சுதர்சனுக்கு மேடை கிடைக்கவில்லை. செப்டம்பரில் இத்தாலியில் மார்ஷக் இதை முன்வைத்தார். ஆனால் அமெரிக்க இயற்பியலாளர்கள் ஃபைன்மனும் ஜெல்-மன்னும் எழுதிய கட்டுரை ஆய்விதழில் முதலில் வந்து, பெயரைத் தட்டிக்கொண்டு போனது. கண்டுபிடித்தவர்கள் சுதர்சனும் மார்ஷக்கும்தான் என்று ஃபைன்மனே 1963இல் ஒப்புக்கொண்டார்.

அதே 1963இல் ஒளியின் குவாண்டம் விவரிப்பு பற்றிச் சுதர்சன் மூன்றே பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். இன்றும் பாடநூல்களில் அது, அதே துறையில் உழைத்த அமெரிக்க இயற்பியலாளர் ராய் கிளாபரின் பெயரும் சேர்ந்து, கிளாபர்–சுதர்சன் என்ற இரட்டைப் பெயரோடு நிற்கிறது. 2005இல் நோபல் கிளாபருக்குப் போனது, சுதர்சனுக்கு இல்லை. அது அநியாயம் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. அதற்காக அவர் செய்ததை எல்லாம் விட்டுவிட்டு அவருக்குக் கிடைக்காததையே பாடிக்கொண்டிருக்க வேண்டுமா?

இவர் கேரளத்தின் கோட்டயம் அருகே பள்ளம் என்ற ஊரில் பிறந்தவர். தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர். எண்பதுகளில் தரமணி கணித அறிவியல் நிறுவனத்துக்கு இயக்குநராகவும் வந்தார்.

கண்ணெடுக்காமல் கவனித்துக்கொண்டே இருந்தால் ஒரு துகள் சிதையவே சிதையாது என்று இயற்பியலாளர் மிஸ்ராவுடன் சேர்ந்து 1977இல் அவர் காட்டியது தனிக் கதை. அதன் பெயர் குவாண்டம் ஜீனோ விளைவு. அடுத்த வீடியோ அதுதான், விண்மீன்கள் இன்னும் ஒரு வாரம் காத்திருக்கட்டும்.